கோவைக்கு ஓர் அரசு ஆராய்ச்சிப் பூங்கா: மனுவில் முதலில் எதைக் கேட்பது?

பீளமேட்டுப் பட்டறைக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பீளமேட்டில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பம்பு மோட்டார்களுக்கு ரோட்டாரும் (சுழலும் பகுதி) ஸ்டேட்டாரும் (அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் பகுதி) செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கோவையில் அரசின் துணையோடு உயர்தொழில்நுட்ப ஆராய்ச்சிப் பூங்கா ஒன்று அமைய வேண்டும் என்று எங்கள் வட்டாரச் சிறுதொழில் செய்வோர் சிலர் சேர்ந்து மனுக் கொடுக்க இருக்கிறோம். வரைவை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முதல் வரைவில் இருநூறு ஏக்கர் நிலம், ஏழு மாடிக் கட்டடம், மாநாட்டு அரங்கம், உணவகம் என்று வரிசையாகக் கேட்டிருந்தோம். அதை இரவில் உட்கார்ந்து மறுபடி படித்தபோது, கட்டடம் இருக்கிறது, ஆராய்ச்சி எங்கே என்ற கேள்விக்கு அதில் ஒரு வரிகூட விடை இல்லை என்பது தெரிந்தது.

இந்த ஊருக்கு ஆராய்ச்சி புதிதன்று. கரும்பு இனப்பெருக்கு நிலையம் 1912 முதல் இங்கே இயங்குகிறது; பஞ்சாலைகளுக்காகத் தொடங்கப்பட்ட சிட்ரா என்ற ஆராய்ச்சிச் சங்கம் 1956 முதல் இருக்கிறது. விளாங்குறிச்சியில் டைடல் பூங்காவும் உண்டு, ஆனால் அது மென்பொருள் நிறுவனங்கள் வாடகைக்கு அமர்ந்து வேலை செய்யும் இடம். எங்களைப் போன்று மோட்டார் செய்பவர்களின் தேவை வேறு. 2025 ஏப்ரலில் சீனா, திறன்மிக்க மோட்டார்களில் பயன்படும் அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, காந்தமே இல்லாமல் ஓடும் ரிலக்டன்ஸ் மோட்டாரைச் செய்து பார்க்கலாம் என்று நானும் என் மகனும் இறங்கினோம். செய்தும் விட்டோம். சுமையேற்றி அதன் திறனைச் சோதிக்க, மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து ஆணியடித்து, வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு லாரி பார்சலில் அனுப்பினோம். ஏழு வாரம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது; உள்ளே ஒரு தாள், தாளில் ஒரே ஓர் எண். எந்தச் சுமையில் சூடேறியது, எந்த வேகத்தில் அதிர்ந்தது என்று கேட்பதற்கு அங்கே எங்களுக்கு ஆளில்லை. ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த ரோட்டாரை எப்படி வெட்டுவது?

இத்தகைய பூங்காக்களில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அரசிடம் முதலில் கேட்க வேண்டியது எது: நிலமா, கட்டடமா, கருவிகளா, மானியமா?

சின்ச்சுவில் ஆறாண்டு எழுதியது:

ஐயா, தைவானில் உள்ள சின்ச்சு அறிவியல் பூங்காவில், சிப் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். பல நாடுகளிலிருந்து அதிகாரிகள் அந்தப் பூங்காவைப் பார்க்க வருவார்கள். அகலமான சாலைகளையும் கண்ணாடிக் கட்டடங்களையும் படம் எடுத்துச் செல்வார்கள். எது எதற்குப் பிறகு வந்தது என்ற வரிசை அந்தப் படங்களில் விழாது. உங்கள் மனுவுக்கு அந்த வரிசைதான் தேவை.

தைவான் அரசு தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தை 1973-இல் தொடங்கியது. 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, சிப் செய்யும் நுட்பத்தை விலை கொடுத்து வாங்கியது. இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பி, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கற்றுவரச் செய்தது. 1977-இல் கழகத்தின் சோதனை ஆலை ஓடத் தொடங்கியது. அதிலிருந்து கிளைத்த யுஎம்சி 1980-இல் சிப் செய்யும் தனி நிறுவனமாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில்தான் பூங்கா திறக்கப்பட்டது. வாசலைத் திறந்த நாளில், உள்ளே குடியேறத் தொழில் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. இன்று உலகின் மிகப் பெரிய ஒப்பந்த சிப் உற்பத்தியாளரான டிஎஸ்எம்சி பிறந்தது 1987-இல். அப்போதும் முதலீட்டில் ஏறத்தாழப் பாதியை அரசும், கால் பங்குக்குச் சற்று அதிகமாக நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் போட்டன. மீதிப் பணத்துக்கு உள்ளூர்ச் செல்வந்தர்களை அரசே வற்புறுத்த வேண்டியிருந்தது. ஆய்வுக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு ஆண்டுகள்.

நிர்வாகத்தில் இரண்டு முடிவுகளை மிகவும் மதிக்கிறேன். பூங்காவின் நிலத்தை நிறுவனங்களுக்கு விற்கவில்லை, குத்தகைக்கே கொடுத்தார்கள். ஆகவே நிலத்தை வாங்கிப் போட்டு விலையேற்றத்துக்குக் காத்திருப்பவருக்கு அங்கே வேலையில்லை. இன்னொன்று பள்ளிக்கூடம். அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்ட தைவானியரைத் திரும்ப அழைத்தபோது, சீன எழுத்தே தெரியாத எங்கள் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. 1983-இல் பூங்காவுக்கென்றே இருமொழிப் பிரிவோடு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஒரு விஞ்ஞானியை வரவழைப்பது அவர் குடும்பத்தை வரவழைப்பது என்பதை அந்தத் திட்டம் புரிந்துகொண்டிருந்தது.

தண்ணீரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 2020-இல் ஒரு புயல்கூடத் தைவானில் கரையேறவில்லை. ஐம்பத்தாறு ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு வசந்தத்தில் அணைகள் வறண்டன. எங்கள் ஆலை வாசலில் தண்ணீர் லாரிகள் நின்றன. பல வட்டாரங்களில் நெல்வயல்களின் பாசனத்தை அரசு நிறுத்தி இழப்பீடு கொடுத்தது. நான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த வயல் அந்தப் பருவம் நடவில்லாமல் வெடித்துக் கிடந்ததை மறக்க முடியவில்லை. சிறுவாணியையும் பில்லூரையும் நம்பியிருக்கும் ஊருக்குத் திட்டம் எழுதுகிறீர்கள். எந்தத் தொழில், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், அதில் எவ்வளவு சுத்திகரித்து மீண்டும் பயன்படும் என்பதை நிலக் கணக்குக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

தரமணி வாடகைதாரர் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஆனால் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் ஐந்து பேர் கொண்ட எங்கள் சிறு நிறுவனம் நான்கு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தது. தமிழ்நாடு அரசு தரமணியில் கொடுத்த பதினொன்றரை ஏக்கரில், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று உருவாக்கிய அந்தப் பூங்காவின் முதல் கட்டம் 2010-இல் திறக்கப்பட்டது. இப்போது ஏறத்தாழ 12 லட்சம் சதுர அடி. உங்கள் வரைவில் இருக்கும் இருநூறு ஏக்கரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் மனுவில் அப்படியே கேட்க வேண்டியது அங்குள்ள மதிப்புப் புள்ளி முறை. அந்தப் பூங்காவில் பணம் இருக்கிறது என்பதற்காக யாரும் இடம் பிடித்துவிட முடியாது. குடியேறும் நிறுவனம், எடுத்துக்கொள்ளும் பரப்புக்கு ஏற்ப, ஐஐடியோடு சேர்ந்து வேலை செய்து புள்ளிகளைச் சேர்ப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவருக்குப் பயிற்சி கொடுத்தால் புள்ளி. பேராசிரியரிடம் ஆலோசனை பெற்றால், கூட்டாக ஆராய்ச்சி செய்தால், காப்புரிமை எடுத்தால், தன் ஊழியரை மேற்படிப்புக்கு அனுப்பினால் புள்ளி. கேட்பதற்கு எளிய விதியாகத் தோன்றும். அது இல்லாவிட்டால் பத்தாண்டுக்குள் அந்தக் கட்டடமும் இன்னொரு அலுவலக வளாகமாக மாறியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். எங்களுக்கே முதல் ஆண்டு இந்த விதி சுமையாகத்தான் இருந்தது. பிறகு புள்ளிக்காகச் சேர்த்துக்கொண்ட ஒரு மாணவர், எங்கள் பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்து, வெப்ப உணரியைப் பொருத்தியிருந்த இடமே தவறு என்று மூன்றாம் நாள் காட்டினார். எட்டு மாதமாக நாங்கள் மென்பொருளில் தேடிக்கொண்டிருந்த பிழை அது.

ஏத்தர் மின் ஸ்கூட்டர் நிறுவனம் 2013-இல் ஐஐடி வளாகத்தில் தொடங்கி வளர்ந்தது. அக்னிகுல் நிறுவனம் ராக்கெட் எஞ்சினை ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் உருவாக்கும் கூடத்தை 2022-இல் இந்தப் பூங்காவில் திறந்தது. அத்தகைய எஞ்சின் பொருத்திய அதன் ராக்கெட் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. இப்படிப்பட்ட வேலைக்கு ஒரு நாளில் பத்து முறை பேராசிரியரின் அறைக்கும் கூடத்துக்கும் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளி நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று போய்விடாதீர்கள். கோவையில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றின் வேலியை ஒட்டி ஐந்து ஏக்கர் கிடைத்தாலே பெரிது.

அன்னூர்த் தோட்டத்துக்காரர் எழுதியது:

நானும் இந்த விவாதத்தைப் படித்துவருகிறேன். தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது எங்கள் பகுதி விவசாயிகள் எத்தனை நாள் தெருவில் நின்றோம் என்பது கோவைக்காரர்களுக்குத் தெரியும். ஆராய்ச்சியை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் கிணற்று மோட்டார் மின்சாரத்தைக் குறைவாக இழுத்தால் எங்களுக்கும் நல்லதுதான். பதினொன்றரை ஏக்கரில் ராக்கெட் எஞ்சின் செய்ய முடியும் என்றால், இருநூறு ஏக்கர் எதற்கு என்பதை மனுவில் கையெழுத்திடுபவர்கள் முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பீளமேட்டுப் பட்டறைக்காரர் எழுதியது:

அன்னூர் ஐயாவின் கேள்வி நியாயமானது. இருநூறு ஏக்கரை நான் எந்தக் கணக்கும் போடாமல்தான் எழுதினேன், அதை நீக்கிவிட்டேன். இன்னொரு ஐயம் இருக்கிறது. பதினான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றால், அதற்குள் ஆட்சி இரண்டு மூன்று முறை மாறலாம். நடுவில் பணம் நின்றுபோனால் என்ன செய்வது?

மூன்று பல்கலைக்கழகம் எழுதியது:

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ரிசர்ச் டிரையாங்கிள் பூங்காவில் வேலை செய்கிறேன். உங்கள் ஐயத்துக்கு இந்த இடத்தின் வரலாற்றில் ஓரளவு விடை இருக்கிறது. புகையிலை, துணி, மரச்சாமான் ஆகிய மூன்றையும் நம்பியிருந்த மாநிலம் இது. படித்த பிள்ளைகள் வேலை தேடி வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 1950-களில் ஆளுநராக இருந்த லூதர் ஹாட்ஜஸ் இந்தத் திட்டத்துக்குப் பின்னால் உறுதியாக நின்றார். தனியார் மனைத்தொழிலாக நடத்திப் பார்த்த முதல் முயற்சி தடுமாறியது. பிறகு ஆர்ச்சி டேவிஸ் என்ற வங்கியாளர் மாநிலம் முழுவதும் சென்று ஏறத்தாழ 14 லட்சம் டாலர் நன்கொடை திரட்டி, 1959 தொடக்கத்தில் பூங்காவை இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் கையில் சேர்த்தார். டியூக் பல்கலைக்கழகம், வட கரோலினாப் பல்கலைக்கழகம், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றின் நன்மைக்காக இயங்கும் அமைப்பு அது. ஆளுநர்கள் மாறினார்கள், அறக்கட்டளை மாறவில்லை.

அப்படியிருந்தும் முதல் ஆறு ஆண்டுகள் பெரும்பகுதி பைன் மரக்காடாகவே இருந்தது. ஐபிஎம் 1965-இல்தான் வரச் சம்மதித்தது; நடுவண் அரசின் சுற்றுச்சூழல் நலவியல் ஆராய்ச்சி நிலையமும் அதே ஆண்டில் இங்கே வர முடிவாயிற்று. அதுவரை பூங்காவுக்கு உயிர் கொடுத்தது அறக்கட்டளையோடு சேர்ந்தே தொடங்கிய சொந்த ஆய்வு நிறுவனம். சின்ச்சுவில் நடந்ததும் இதுவே. யாரும் வராத ஆண்டுகளிலும் விளக்கெரியும் ஓர் ஆய்வகம் வேண்டும்; உங்களுக்கு அது மோட்டார்ச் சோதனைக் கூடமாக இருக்கலாம்.

இங்கே ஒரு குறையும் உண்டு. 7,000 ஏக்கரில் ஒவ்வொரு நிறுவனமும் தன் மரங்களுக்கு நடுவே தனித்து நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட நான் காரை எடுத்தாக வேண்டும். பக்கத்து நிறுவனத்துக்காரரோடு நான் முதன்முதலாகப் பேசியது விமான நிலையத்தில். இப்போது கடைகளும் குடியிருப்பும் கொண்ட ஒரு நடுப்பகுதியைப் பெருஞ்செலவில் கட்டி அதைச் சரிசெய்ய முயல்கிறார்கள். ஜப்பானின் சுகுபாவில் ஆய்வு நகரம் அமைக்க 1963-இல் முடிவெடுத்தார்கள்; தோக்கியோவிலிருந்து நேரடி விரைவு ரயில் 2005-இல்தான் வந்தது. பேருந்து நிறுத்தமும் தேநீர்க் கடையும் திட்டத்தின் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

பீளமேட்டுப் பட்டறைக்காரர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வரைவைத் திருத்தி எழுதிவிட்டேன். முதல் பக்கத்தில் கட்டடம் இல்லை. 1 குதிரைத்திறன் முதல் 50 குதிரைத்திறன் வரை மோட்டாரைச் சுமையேற்றிச் சோதிக்கும் டைனமோமீட்டர்கள், அதிர்வும் வெப்பமும் அளக்கும் அறை, ரோட்டாருக்கும் ஸ்டேட்டாருக்கும் அடுக்கும் ஸ்டாம்பிங் தகட்டை ஒன்றிரண்டாக வெட்டித் தரும் லேசர் இயந்திரம், இவற்றை இயக்கவும் எங்களோடு உட்கார்ந்து அளவுகளைப் படித்துச் சொல்லவும் நிரந்தரப் பொறியாளர்கள் ஆறு பேர். இவ்வளவும் ஒரு கல்லூரியை ஒட்டிய வாடகைக் கட்டடத்திலேயே தொடங்கட்டும் என்று கேட்டிருக்கிறோம். மதிப்புப் புள்ளி விதியும், நிலம் கிடைத்தாலும் குத்தகைக்கு மட்டுமே என்ற விதியும் இரண்டாம் பக்கத்தில் வருகின்றன. நிர்வாகத்துக்கு, அரசும் கல்லூரியும் சிறுதொழில் சங்கமும் சம உரிமையோடு அமரும் இலாப நோக்கற்ற அமைப்பு. தண்ணீர்க் கணக்கை மட்டும் இன்னும் முடிக்கவில்லை. வார்ப்பாலை நடத்தும் நண்பர்களிடம் அவர்களுடைய அளவுகளைக் கேட்டிருக்கிறேன். அன்னூர் ஐயா இசைந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டறையில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் முழு வரைவையும் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.