மூன்று பணிகளிலும் நான் கண்ட சுஜாதா

எழுத்தாளர் சுஜாதாவை நேரில் சந்தித்தவர்களும், கடிதம் எழுதிப் பதில் பெற்றவர்களும் இங்கே தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொறியாளர், நாவலாசிரியர், இதழாளர் என்ற மூன்று பணிகளிலும் நான் அவரை அறிந்துகொண்டது வகுப்பறையிலும், வாக்குச்சாவடியிலும், வார, மாத இதழ்களின் பக்கங்களிலும்தான்.

ஜூனியர் விகடனில் சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்ற அறிவியல் கேள்வி பதில் பகுதி வந்துகொண்டிருந்த காலத்தில், அந்தக் கேள்வி பதில்களைக் கத்தரித்து ஒரு நீள நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். பாடநூலில் குறைக்கடத்தி பற்றிய பகுதியை முடித்த பிறகும் மாணவர்கள் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தால், நோட்டைப் பிரித்து அதனோடு தொடர்புள்ள ஏதேனும் ஒரு பதிலை வாசித்துக் காட்டுவேன். கேட்டவருக்கு எது தெரியவேண்டுமோ அது முதல் வரியிலேயே இருக்கும். காரணம் அதன் பின்னால் வரும். கணிதம் தேவைப்படும் இடம் வந்ததும் பதில் நின்றுவிடும். அந்த இடத்தில் நிறுத்துவதற்கு, பாடத்தை முழுமையாக அறிந்திருக்கவேண்டும் என்பது எனக்கு ஆசிரியப் பணியில் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. மூளையைப் பற்றி அவர் எழுதிய ‘தலைமைச் செயலக’த்தையும் இதே காரணத்துக்காகத்தான் மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தேன். அறிவியலை ஊடகங்கள் வழியே மக்களிடம் கொண்டு சென்றதற்காக 1993இல் அவருக்கு மத்திய அரசின் விருது கிடைத்தபோது, எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டோம்.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. வாக்குச்சாவடிப் பணியில் இருந்த எனக்கும் பயிற்சி வகுப்பு நடந்தது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அந்த இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்காற்றிய பொறியாளர் எஸ். ரங்கராஜன்தான் சுஜாதா என்று உடன் இருந்தவர்களிடம் சொன்னபோது, அவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை. தேர்தல் நாளன்று ஒரு மூதாட்டி மறைப்புக்குள் போன வேகத்தில் திரும்பி வந்து, “தம்பி, தெரியாம ரெண்டு தரம் அமுக்கிட்டேன், என் ஓட்டு செல்லாதா?” என்று பதறிக் கேட்டார். அலுவலர் தன் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் கருவி ஒரே ஒரு வாக்குக்குத் திறக்கும். வாக்கு விழுந்ததும் நீண்ட ஒலி எழுந்து கருவி பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் ஏறாது. “முதல்ல அமுக்கினதுதாம்மா கணக்கு, கவலைப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பினேன். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறு செய்ய முடியாதபடி ஒரு கருவியை அமைப்பதும், அறிவியல் படிக்காதவருக்கும் புரியும்படி ஒரு பத்தியை அமைப்பதும் ஒரே மனத்தின் வேலை என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அவ்வாறே எண்ணுகிறேன்.

நாவலாசிரியர் சுஜாதாவைப் பற்றி இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ தொடங்கி அவர் எழுதிய தொடர்கதைகள் சிலவற்றில் வாராவாரம் எழுதிய அவசரம் தெரிகிறது என்பது என் கருத்து. முடிவு அத்தியாயங்கள் அதனால் மெலிந்துபோயிருக்கின்றன. ‘என் இனிய இயந்திரா’ அப்படியன்று. குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டியிருக்கும் ஓர் எதிர்காலத்தில், ஜீனோ என்னும் இயந்திர நாய் புத்தகம் படித்துப் படித்துத் தானாகச் சிந்திக்கத் தொடங்குவதை, என் மாணவர்கள் அறிவியல் பாடமாகவும் கதையாகவும் ஒருசேர வாங்கிக்கொண்டார்கள்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இதழாளர் சுஜாதாவைப் பற்றி. இந்தப் பகிர்வுகளில் அவரை யாரும் அதிகம் தொடவில்லை. 1965இல் டெல்லியிலிருந்து தொடங்கப்பட்ட இலக்கிய மாத இதழான கணையாழியின் கடைசிப் பக்கத்தை அவர் ஆரம்பத்தில் ‘ஸ்ரீரங்கம் எஸ். ஆர்.’ என்ற பெயரில் எழுதினார். ஒரே பக்கம், அதற்குள் ஒரு திரைப்படம், ஒரு புத்தகம், யாரும் கேள்விப்படாத ஒரு கவிஞரின் நான்கு வரிகள் எல்லாம் இடம்பெற்றுவிடும். பாராட்டை நீட்டமாட்டார், கவிதையை எடுத்துப் போட்டு, அது ஏன் பிடித்தது என்று ஓரிரு வாக்கியங்களில் சொல்லி விலகிவிடுவார். பதிப்பாசிரியருக்கு வேண்டிய அடிப்படைத் திறன் இதுவே என்று கருதுகிறேன். எதை எடுப்பது, எதை விடுவது, வாசகனை எந்த இடத்தில் தனியே விடுவது என்ற தீர்மானம் அது. பிற்காலத்தில் ஆனந்த விகடனின் ‘கற்றதும் பெற்றதும்’ பகுதியிலும் இதையே செய்தார். லட்சக்கணக்கானோர் படிக்கும் வார இதழில் ஒரு புதுக் கவிஞரின் பெயர் வந்தால், அந்த வாரமே நூலகத்தில் அந்தத் தொகுப்பைக் கேட்டு ஆட்கள் வருவார்கள் என்று எங்கள் ஊர் நூலகர் சொல்லக் கேட்டிருக்கிறேன். புறநானூற்றுக்கும் திருக்குறளுக்கும் எளிய உரை எழுதியபோது தமிழறிஞர்கள் சிலர் அவற்றில் ஆழமில்லை என்றார்கள். அறிமுகமாக எழுதப்பட்ட நூலை ஆராய்ச்சி உரையாக எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் புறநானூற்றுக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

1990களில் சிறிது காலம் அவர் குமுதத்தின் ஆசிரியராகவும் பொறுப்பு வகித்தார். பரபரப்புக்கும் இலக்கியத்துக்கும் ஒரே அட்டைக்குள் இடம் ஒதுக்கவேண்டிய கடினமான நாற்காலி அது. அந்தக் காலத்து இதழ்கள் என்னிடம் இல்லை. வீடு மாறியபோது பழைய கட்டுகள் போய்விட்டன. பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அன்பர்கள் யாரேனும் இருந்தால், அவற்றின் உள்ளடக்கப் பக்கங்களையாவது இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியராக அவர் யாருக்கு இடம் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பதை அந்தப் பக்கங்களை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேச முடியும்.