புதுப்பிப்பு: முன்னாள் போராளிப் பெற்றோருக்கு வட்சப் குழுமம் வேண்டாம்

இலங்கையின் வன்னியில் முன்னாள் போராளிகளான தாய் தகப்பன்மாருக்குப் பிள்ளை வளர்ப்பு உதவியை வட்சப்பில் கொடுக்கலாம் என்ற எங்கள் பதிவின் தொடர்ச்சி இது.

குழுமத்தில் எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும். விசாரணைக்குப் பயந்த சனம் அதில் வாய் திறக்காது. உதவி செய்கிற நீங்கள் புரோட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வட்சப் வசதி) போடுங்கோ. பதில் உங்களுக்கு மட்டும்தான் வரும். ஆனால் உங்கள் இலக்கத்தை அவர்கள் சேமித்திருக்காவிட்டால் செய்தி போய்ச் சேராது, ஏன் என்றும் தெரியாது. முதல் சந்திப்பிலேயே அவர்கள் போனில் பதிந்துவிடுங்கோ. அதே போனில்தான் பிள்ளையும் படிக்கும்; ஆகவே செய்திகள் 7 நாளில் தானாக மறையும்படி வையுங்கோ.

குரல் பதிவு 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஷெல்லடியில் காது பாதிக்கப்பட்டவர்களுக்கு எழுத்திலும் அனுப்பவேணும்.

ஒரு குரல் பதிவில் ஒரு விஷயம் போதும். உதாரணமாக, கோயில் திருவிழாவில் வெடிச் சத்தத்துக்குத் தகப்பன் திடுக்கிட்டுக் கத்தினால், பிள்ளை தன்னில்தான் பிழை என்று நினைக்கும். படபடப்பு அடங்கியதும் தகப்பன் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தி, “அப்பா சத்தத்துக்குத்தான் பயந்தனான். உன்னில கோவமில்லை” என்று சொல்லவேணும். அன்றைக்கே சொல்லவேணும்; பிந்தினால் பிள்ளை தானே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும்.

மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இரண்டையும் முதல் செய்தியிலேயே எழுத்தில் அனுப்புங்கோ.