ஹீமோகுளோபின் 12.1, ஆனாலும் ஓட முடியவில்லை

கேள்வி:
துணை ராணுவப் படையில் காவலராக இருக்கிறேன். மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கிறது; கட்டி கட்டியாகப் போகிறது. காவல் பணியில் நாப்கின் மாற்ற மறைவிடம் கிடைப்பதில்லை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். காலை ஓட்டத்தில் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 12.1, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஏன் இந்தச் சோர்வு?

பதில் (ஓய்வுபெற்ற ராணுவச் செவிலியர்):
தங்கையே, 12-க்கு மேல் இருந்தால் ரத்தசோகை இல்லை, அவ்வளவுதான். உடலின் இரும்புச் சேமிப்பு கரைந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். 15-க்குக் கீழே என்றால் குறைபாடு உறுதி. 30-க்குக் கீழே வந்தாலே பல மருத்துவர்கள் இரும்பு மாத்திரை தொடங்குவார்கள். ஆனால் மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். ஏழு நாளைத் தாண்டும் உதிரப்போக்கும் கட்டிகளும் இயல்பானவை அல்ல. கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா, தைராய்டு எப்படி இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். தண்ணீரைக் குறைக்கவே கூடாது. சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்ளும்.

பதில்:
மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். இரும்பு உடலில் சரியாகச் சேராது. நான் எலுமிச்சைச் சாற்றுடன் எடுத்தேன். மருத்துவர் சொல்லி ஒன்றுவிட்டு ஒருநாள் என்று மாற்றியதும் வயிற்றுப் புரட்டல் அடங்கியது. மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயம் வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி அக்கா. மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பும்படி நாளையே எழுதிக் கொடுக்கிறேன்.