மறு: பழைய பந்துகளும் ‘கிராண்ட்ஃபாதர்’ விதியும் – ‘தொடரேற்பு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பௌலிங் பந்து விதிகளைத் தமிழில் எழுதப் புகுந்து, மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறோம். விதி மாறிவிட்டது, ஆனால் அதற்கு முன்பே அனுமதி பெற்ற பந்தை இன்னும் ஆடலாம் என்று விட்டுவைக்கிறார்கள். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘கிராண்ட்ஃபாதர்’ செய்வது என்கிறார்கள். இதுவரை வந்த பரிந்துரைகள் தாத்தா விதி, பழங்காப்பு, முன்னிருப்பு விலக்கு, அப்புறம் நான் சொன்ன ‘விதிமுந்தைய பந்து’. என்னுடையதைத் திரும்பப் பெறுகிறேன். அது தப்பான பொருளைத் தருகிறது என்று எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. பௌலிங் என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது 60 அடி நீளப் பாதையில் கனமான பந்தை உருட்டிப் பத்து பின்களைச் சாய்க்கும் ஆட்டத்தைப் பற்றி. விதிகள் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் யுஎஸ்பிசி (யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ்) அமைப்பு வகுத்தவை.

> தாத்தா விதி என்றே வைத்தால் என்ன? ஆங்கிலத்திலும் அதுதானே? கேட்டதும் மனதில் பதியும்.

ஐயா, மனதில் பதியும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தாத்தா எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1870இல் திருத்தம் வந்தது. தென் மாநிலங்கள் அதைச் சுற்றிப்போக வழி தேடின. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், சொத்து இருக்க வேண்டும் என்று வாக்காளருக்குத் தகுதிகள் வைத்தன. ஏழை வெள்ளையர்களும் அதில் மாட்டுவார்களே! அதற்காக லூசியானா 1898இல் ஒரு விலக்கு எழுதியது. 1867 ஜனவரி 1 அன்று வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும், அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் அந்தத் தகுதிகள் வேண்டாம் என்றது. அந்தத் தேதியில் எந்தக் கறுப்பினத் தாத்தா அங்கே வாக்களித்திருக்க முடியும்? ஒக்லஹோமா எழுதிய இதே மாதிரி விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் செல்லாது என்று தள்ளியது. பெயர் மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது.

ஆங்கிலம் பேசுகிறவர்களே இப்போது இந்தச் சொல்லைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். புதிதாகச் சொல் செய்யும் நாம் அந்தச் சுமையை ஏன் தூக்க வேண்டும்? வரலாற்றை விட்டாலும், தமிழில் தாத்தா விதி என்று படிப்பவருக்குப் பாட்டன் சொத்துதான் நினைவுக்கு வரும். பந்து வராது.

> பழைய பந்துக்குச் சலுகை, அவ்வளவுதானே? ‘பழங்காப்பு’ போதாதா?

அம்மா, உங்கள் சொல் அழகானது. பழங்கதை, பழங்கணக்கு போல ஒலிக்கிறது. காப்பு என்றால் வளையல் என்று ஒருவர் சொன்ன ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, இடம் பார்த்துப் பொருள் கொள்வோம். எனக்குள்ள சிக்கல் அதிலிருக்கும் ‘பழ’ என்ற பகுதியோடுதான். அதற்கு நானே பட்ட ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்த் தமிழ் நண்பர்கள் சிலர் ஒரு போட்டியில் சேர்ந்தார்கள். விதிகளைத் தமிழில் சுருக்கி அனுப்பும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். 2020 ஆகஸ்ட் 1 முதல் விதிகள் மாறுகின்றன, ‘பழைய பந்துகளுக்குப் பிரச்சினை இல்லை’ என்று எழுதினேன். அதை நம்பி ஒரு நண்பர் 2014இல் வாங்கிய பந்தோடு வந்தார். பந்தில் விரல்களுக்கு மூன்று துளைகள், பக்கவாட்டில் நான்காவதாக ஒன்று. சோதனை மேசையில் இருந்தவர் அந்த நான்காவது துளையைத் தொட்டுக் காட்டி, இதை அடைக்காமல் ஆட முடியாது என்றார். அடைக்கும் பசை இறுகவே நேரம் பிடிக்கும், அன்றைக்கு ஆகிற காரியமில்லை. நண்பர் அங்கே கிடந்த பொதுப் பந்தை எடுத்து ஆடினார். ஒரு வார்த்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது.

நான் செய்த தவறு மொழிபெயர்ப்புத் தவறு. அந்த ஒரே தேதியில் பல விதிகள் நடைமுறைக்கு வந்தன, ஆனால் பழைய பந்தை அவை ஒரே மாதிரி நடத்தவில்லை. கடினத்தன்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூரோமீட்டர் என்ற கருவியின் ஊசியைப் பந்தின் மேல் அழுத்தி அளப்பார்கள். களத்தில் இருக்கும் பந்துகளுக்குக் குறைந்த அளவு 72. அந்தத் தேதிக்குப் பிறகு தயாராகும் பந்துகளுக்கு 73. அதாவது முன்பு தயாரான பந்து 72 காட்டினாலும் ஆடலாம். பாதையில் பூசும் எண்ணெயைப் பந்து உறிஞ்சும் வேகத்துக்கு வந்த புதிய வரம்பும் புதுப் பந்துகளைக் குறிவைத்ததுதான். ஏற்கெனவே கையில் இருந்தவற்றை அந்தத் தேதியோடு களத்தை விட்டு வெளியேற்றவில்லை.

சமன்துளைக்கு அந்தக் கருணை கிடையாது. பந்தின் எடைச் சமநிலையைத் திருத்தவும் சுழற்சியை மாற்றவும் பிடிப்புக்குத் தேவையில்லாத ஒரு கூடுதல் துளையைப் போடுவார்கள். 2020 ஆகஸ்ட் 1 முதல் அது கூடாது. பந்து எந்த ஆண்டினதாக இருந்தாலும் துளையை அடைத்தாக வேண்டும். கூடவே, ஒரு துளை இருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் விரல் அதில் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. இதனால் இரண்டு கையாலும் உருட்டி, கட்டைவிரலை நுழைக்காமல் ஆடுகிறவர்கள் கட்டைவிரல் துளையையும் அடைக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஈடாக, பக்கங்களுக்கிடையே எடை வித்தியாசத்தை 1 அவுன்சிலிருந்து 3 அவுன்ஸ் வரை தாராளமாக்கினார்கள்.

ஆக, நண்பரின் 2014 பந்து ஒரு விதிக்கு முன் தப்பித்தது, இன்னொரு விதிக்கு முன் மாட்டிக்கொண்டது. இரண்டிலும் பந்தின் வயது ஒன்றுதான். ‘பழங்காப்பு’, ‘விதிமுந்தைய’ இரண்டும் வயதைத்தான் சொல்கின்றன. நாம் தேடும் சொல் அனுமதியைச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் பாருங்கள். 2022இல் யுஎஸ்பிசி, 2016லும் 2017லும் தயாரான பர்ப்பிள் ஹாமர் என்ற யூரித்தேன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பந்துகளைத் தன் தேசியப் போட்டிகளில் ஆடக்கூடாது என்று நிறுத்தியது. சோதித்தபோது கடினத்தன்மை வரம்புக்குக் கீழே இருந்தது காரணம். அதே பெயரில் பின்னால் வந்த பந்துகளுக்கு அந்தத் தடை இல்லை. இங்கே பழையதாக இருப்பதே வெளியே போகக் காரணமாகிவிட்டது. அதே ஆண்டில் ஸ்டார்ம் நிறுவனத்தின் ஸ்பெக்டர் என்ற பந்துக்குக் கொடுத்திருந்த ஒப்புதலையே ரத்து செய்தார்கள்.

> ஒரு எண் கூடக் குறைய இருந்தால் இத்தனை கலாட்டாவா?

நியாயமான கேள்வி. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பந்து மென்மையானால் பாதையை இறுகப் பற்றும். எண்ணெய் பூசிய பாதையில் வழுக்கிப் போகாமல் கடைசியில் கூர்மையாக வளைந்து பின்களுக்குள் நுழையும். டான் மெக்கூன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கினார். 1973ஆம் ஆண்டில் மட்டும் 6 பட்டங்கள், அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும். அப்போது அதைத் தடுக்க விதியே இல்லை. மற்றவர்களும் வாளியில் பந்தை ஊறப்போடத் தொடங்கினார்கள். தீப்பற்றக்கூடிய, மூச்சுக்கு ஆகாத திரவம் அது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் 75 என்று வரம்பு வைத்தது, யுஎஸ்பிசிக்கு முன்னோடியான அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் 72 என்று வைத்தது. இன்று நாம் எழுதும் 72 அப்படி வந்த எண். அந்த ஒரு எண்ணுக்குள் ஐம்பது ஆண்டுச் சண்டை இருக்கிறது. அதனால்தான் ‘கிட்டத்தட்ட சரி’ என்கிற சொல்லை வைத்து நாம் கடந்துபோக முடியாது.

> ‘முன்னிருப்பு விலக்கு’ பற்றி யாரும் பேசவில்லையே.

கணக்கில் முன்னிருப்பு என்றால் தொடக்க இருப்பு. கணினித் தமிழில் ‘டீஃபால்ட்’ என்ற வேறு பொருள் ஏறிவிட்டது. மூன்றாவது பொருளையும் ஏற்றினால் தாங்காது.

சரி, என் முன்மொழிவு: தொடரேற்பு.

தொடர் + ஏற்பு. ஏற்கெனவே கிடைத்த ஏற்பு, விதி மாறிய பிறகும் தொடர்கிறது. வயதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அனுமதி தொடர்வதை மட்டும் சொல்கிறது. இன்னொரு வசதி, ‘ஏற்பு’ என்ற ஒரே வேரிலிருந்து மற்ற சொற்களும் கிளைக்கின்றன. அனுமதிக்கப்பட்ட பந்துகளின் பட்டியல் ‘ஏற்புப் பட்டியல்’ ஆகும். ஸ்பெக்டருக்கு நடந்தது ‘ஏற்பு நீக்கம்’. பர்ப்பிள் ஹாமரின் கதை வேறு, அது ஏற்புப் பட்டியலில் இருந்துகொண்டே தேசியப் போட்டிகளுக்கு மட்டும் ஆகாமல் போனது. அதற்குப் ‘போட்டித் தடை’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். நண்பரின் பந்துக்குக் கடினத்தன்மையில் தொடரேற்பு உண்டு, சமன்துளையில் தொடரேற்பு இல்லை. அன்றைக்கு நான் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவர் முன்கூட்டியே துளையை அடைத்திருப்பார்.

பௌலிங்குக்கு வெளியே இந்தச் சொல் நிற்குமா என்றும் சோதித்துப் பார்த்தேன். அமெரிக்க பேஸ்பாலில் பந்தில் எச்சில் தடவி வீசுவதை 1920இல் தடை செய்தபோது, அதையே நம்பியிருந்த 17 வீச்சாளர்களுக்கு மட்டும் ஓய்வு பெறும்வரை விட்டுக்கொடுத்தார்கள். கடைசி ஆள் பர்லி கிரைம்ஸ், 1934 வரை ஆடினார். அவர் தொடரேற்பு பெற்ற வீச்சாளர். நம் ஊருக்கு வந்தால், தமிழ்நாட்டு அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் தொடர்ந்தது, பின்னால் சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. ‘2003க்கு முன்னாடி சேர்ந்தவரா?’ என்று வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறோமே, அந்தக் கேள்விக்குள் இருப்பதும் தொடரேற்புதான். பொருளுக்கும் பொருந்துகிறது, ஆளுக்கும் பொருந்துகிறது.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. விளையாட்டுச் செய்திகளில் ‘தொடர்’ என்றால் போட்டித்தொடர். தொடரேற்பு என்பதைத் தொடரில் சேர்த்துக்கொள்வது என்று ஒருவர் படிக்கலாம். தொடர்கதை, தொடரோட்டம், தொடர்வண்டி எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும் ‘தொடர்’ விடாமல் நீள்வதைத்தான் குறிக்கிறது. அந்தப் பழக்கம் படிப்பவருக்குக் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். ‘தொடரிசைவு’ என்றும் எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தால் ‘தொடரிசை’ என்று பாட்டுக் கச்சேரி காதில் விழுகிறது, விட்டுவிட்டேன். வினையாக வேண்டுமென்றால் ‘தொடரேற்பு வழங்கு’, ‘தொடரேற்பு பெறு’ போதும், புதிதாக எதையும் முறுக்க வேண்டாம்.

மாதிரிக்கு மூன்று வாக்கியங்கள். உரக்கப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

‘2020 ஆகஸ்ட் 1க்கு முன் தயாரான பந்துகளுக்குக் கடினத்தன்மை 72 என்ற அளவில் தொடரேற்பு உண்டு.’

‘சமன்துளைக்குத் தொடரேற்பு இல்லை, பந்து எப்போது தயாரானதாக இருந்தாலும் துளையை அடைக்க வேண்டும்.’

‘தொடரேற்பு பெற்ற பந்தாக இருந்தாலும், அந்தப் போட்டிக்கெனத் தனித் தடை உள்ளதா என்று அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளவும்.’

மூன்றாவது வாக்கியத்தில் ‘தனித் தடை’ என்று எழுதிவிட்டேன். மேலே சொன்ன ‘போட்டித் தடை’ அங்கே வரும்போது ‘போட்டிக்கெனப் போட்டித் தடை’ என்று இடறுகிறது. அதற்கு வேறு சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். தொடரேற்புக்கு வலுவான மறுப்பு ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லை என்றால், பட்டியலில் சேர்த்துவிட்டு நண்பருக்குத் திருத்திய சுருக்கத்தை அனுப்பிவிடுகிறேன். அவர் பந்தின் துளையை எப்போதோ அடைத்துவிட்டார், அடுத்த மாதம் அதோடு ஒரு போட்டிக்குப் போகிறார்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்