−9 உடன் நின்றுபோன கிராஃப்: ட்ராக்கர் வழியாக சீரியல் டேட்டா அனுப்பிய அனுபவங்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து:

வாகனங்களுக்கு ஜிபிஎஸ் ட்ராக்கர் பூட்டுவது என் வேலை. பேலியகொடை மீன் சந்தையில் உறைமீன் ஏற்றும் ஃப்ரீசர் லொறி ஒன்றில் போன மாதம் நடந்ததை எழுதுகிறேன். இதே வேலை செய்கிற ஒருவருக்காவது பயன்பட்டால் போதும்.

லொறியின் பெட்டிக்குள் ஒரு டெம்பரேச்சர் லொகர் (குளிரை அளந்து பதியும் கருவி). சின்ன பிரிண்டர் ஒன்றை இணைப்பதற்காக அதில் ஆர்எஸ்232 போர்ட் (டேட்டாவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் போர்ட்) இருந்தது. நிமிடத்துக்கு ஒரு வரி வரும், வெறும் எண் மட்டும். அந்த வரியை ட்ராக்கர் அப்படியே வாங்கி, சிம் வழியாக எங்கள் சேர்வருக்கு அனுப்ப வேண்டும். ட்ராக்கரின் சீரியல் போர்ட்டை, வந்ததை மாற்றாமல் அனுப்பும் ட்ரான்ஸ்பேரன்ட் மோடுக்கு மாற்றினேன். வேகம் 9600, டேட்டா 8 பிட், பரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) இல்லை, ஸ்டொப் 1 பிட். நாம் எல்லோரும் கை போன போக்கில் போடுகிற செட்டிங்தான். வரி முடிவுக்கு அடையாளம் ஹெக்ஸில் (பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்முறை) 0ஏ என்ற பைட்.

யார்டில் ஃப்ரீசரைப் போடாமல் சோதித்தேன். 30.5, 30.6, 30.3 என்று வந்தது. நடுநடுவே ஒரு வரி வாசிக்க முடியாமல் வந்தது. வயர் ஆடுகிறது என்று நினைத்து, கனெக்டரை இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கேதான் தவறு விட்டேன்.

மூன்றாம் நாள் லொறி முதலாளி கோல் எடுத்தார். கிராஃப் −9 வரை இறங்குகிறது, அதோடு நின்றுவிடுகிறது. உறைமீனுக்கு −18 வேண்டும். சாரதி டீசல் மிச்சம் பிடிப்பதற்காக ஃப்ரீசரை நிறுத்துகிறார் என்பது அவருடைய முடிவு. நான் யார்டுக்குப் போனபோது சாரதி லொறிக்குப் பக்கத்திலேயே நின்றார். அறுபதை நெருங்கிய மனிதர். "தம்பி, அந்த சுவிட்சில் நான் கை வைத்ததே இல்லை. பெட்டியைத் திறந்து பாருங்கள்" என்றார். திறந்தோம். மீன் கல்லு மாதிரி இருந்தது. லொகரின் திரையில் −18.4.

அன்றிரவு மூன்று நாள் டேட்டாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சேர்வர் ஏற்றுக்கொண்ட வரிகளில் இருந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதினேன். 0, 3, 5, 6, 9. வேறு ஒன்றுமே இல்லை. மூன்று நாளில் ஒரு 1 கூட, ஒரு 8 கூட வரவில்லை என்றால் அது வயர் ஆடுவதால் வரும் கோளாறாக இருக்க முடியாது.

டெர்மினலை ஹெக்ஸ் பார்வைக்கு மாற்றியதும் விஷயம் விளங்கியது. லொகர் அனுப்பியது 7 பிட், ஈவன் பரிட்டி. நான் வாசித்தது 8 பிட், பரிட்டி இல்லை. ஸ்டார்ட், ஸ்டொப் பிட்டுகளோடு சேர்த்தால் இரண்டுமே பைட்டுக்கு 10 பிட்தான். அதனால் ட்ராக்கருக்கு எந்தப் பிழையும் தெரியாது. ஈவன் பரிட்டியில், ஓர் எழுத்துக்குள் இருக்கும் 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், எட்டாவதாக வரும் மேல் பிட்டும் 1 ஆகிவிடும். '1' என்ற இலக்கம் ஹெக்ஸில் 31. அதில் மூன்று 1கள், அதனால் பி1 ஆக வந்தது. '3' என்பது 33. அதில் நான்கு, அதனால் மாறவில்லை. 1, 2, 4, 7, 8 எல்லாம் கெட்டன, மற்ற ஐந்தும் தப்பின. கழித்தல் குறியும் புள்ளியும்கூடத் தப்பின. கொழும்பு வெயிலில் 30.5 அழகாக வந்ததும், −10க்குக் கீழே ஒரு வரியும் வராததும் இதனால்தான்.

வரிக் கடைசியில் 0ஏக்கு முன் வரும் 0டி கூட 8டி ஆகத்தான் வந்திருக்கிறது. 0ஏ மாறாததால் ட்ராக்கர் வரியைச் சரியாகவே வெட்டியது. கடைசி இரண்டு பைட்டுகளையும் பார்க்காமலே தள்ளிவிடும்படி சேர்வரில் எழுதியவனும் நான்தான். முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் அந்த மனிதருக்கு இந்தப் பேச்சு வந்திருக்காது.

அந்த ட்ராக்கரில் 7 பிட் தெரிவு இல்லை. அதனால் சேர்வரில் ஒவ்வொரு பைட்டின் மேல் பிட்டையும் அழித்துவிட்டு வாசிக்கச் செய்தேன். நல்ல காலம், வந்த பைட்டுகளை அப்படியே ஒரு ஃபைலில் சேமித்து வைத்திருந்தேன். பழைய டேட்டாவையும் அதே வழியில் ஓட்டியதும் மூன்று நாள் ஓட்டங்களிலும் −18 கோடு நேராக வந்தது. லப்டொப்பை முதலாளியின் மேசையில் வைத்துக் காட்டினேன். அவர் எனக்கு முன்னாலேயே சாரதிக்கு கோல் எடுத்துப் பேசினார்.

வத்தளையிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்னதை வாசித்ததும் என் அனுபவம் நினைவுக்கு வந்தது. எனக்குப் பிரச்சினை அதற்கும் முந்திய இடத்தில். ஒரு பவுசரில் மீட்டரையும் ட்ராக்கரையும் இணைத்தேன், வந்ததெல்லாம் குப்பை. வேகத்தை 1200 முதல் 115200 வரை மாற்றி மாற்றி இரண்டு நாள் வீணாக்கினேன். பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்து, சும்மா இருக்கும்போது மீட்டரின் டிஎக்ஸ் (அனுப்பும்) வயரை கிரவுண்டுக்கு எதிராக அளந்தேன். +3.3 காட்டியது. ஆர்எஸ்232 என்றால் சும்மா இருக்கும்போது மைனஸ் வோல்ட் நிற்க வேண்டும். இது டிடிஎல், அதாவது சிப்புகள் நேரடியாகப் பேசும் குறைந்த வோல்ட் சிக்னல். ஆர்எஸ்232க்கும் இதற்கும் 0, 1 ஒன்றுக்கொன்று தலைகீழ். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டையும் மாற்றிக் கொடுக்கும் மேக்ஸ்3232 சிப் போட்ட சின்ன சர்க்கிட் போர்ட் ஒன்று வாங்கி நடுவில் வைத்தேன், அத்தோடு சரியாகிவிட்டது. இப்போது செட்டிங்கைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டர்தான் முதலில். ஆர்எஸ்232 பக்கத்தில் எது டிஎக்ஸ், எது ஆர்எக்ஸ் (வாங்கும் வயர்) என்று தெரியாவிட்டாலும் இது உதவும். மைனஸ் காட்டுவது டிஎக்ஸ், ஆர்எக்ஸ் 0க்குக் கிட்ட நிற்கும்.

தெகிவளையிலிருந்து:

ஒன்று கேட்கிறேன் தம்பி. அந்த ட்ராக்கரில் ஸ்லீப் மோட் என்ன நிலையில் இருக்கிறது? இக்னிஷன் ஓஃப் ஆகி, வண்டி அசையாமல் கொஞ்ச நேரம் நின்றால் பல ட்ராக்கர்கள் தூங்கப் போய்விடும். ஆழமான தூக்கத்தில் சீரியல் போர்ட்டும் வேலை செய்யாது. லொகர் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், வாங்க ஆள் இருக்காது. ஃப்ரீசர் லொறியை இரவில் யார்டில் கரண்டில் போட்டு நிறுத்துவார்கள், இல்லையா? மீன் உள்ளே இருக்கும்போது நமக்கு டேட்டா வேண்டியது அந்த நேரத்தில்தான். நான் மருந்து ஏற்றும் வேன் ஒன்றில் இதே பிரச்சினையில் மாட்டிக்கொண்டேன். ஸ்லீப்பை நிறுத்தினேன். ட்ராக்கர் வண்டி பற்றரியை இறக்கிவிடாமல் இருக்க, மின்சாரத்தை ஃப்ரீசர் பக்கத்து சப்ளையிலிருந்து எடுத்தேன். எல்லாவற்றுக்கும் கிரவுண்ட் ஒன்றாக இணைந்திருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, நீங்கள் கேட்டபிறகு சேமித்த ஃபைலைத் திரும்பத் திறந்து பார்த்தேன். மூன்று இரவிலும் லொறி நின்ற நேரத்தில் மணித்தியாலக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. ஓட்டங்களை மட்டும் பார்த்ததால், சிக்னல் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு இரவு லொறி யார்டுக்கு வரும், மீனோடு நிற்கும். சாரதி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பதாகச் சொன்னார். ஸ்லீப்பை மாற்றிவிட்டு, விடியும் வரை வரி வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.