ஸ்லாம் டங்க் முடித்தாயிற்று, பிள்ளைகளுக்கு அடுத்து எதைக் கொடுக்கலாம்?

திருமங்கலம் பி.டி. டீச்சர்:

வணக்கம். திருமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பெண்கள் பேஸ்கட்பால் அணி என் பொறுப்பு. பெரும்பாலும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள். சிமெண்ட் தரை, இரண்டு போர்டு, அதில் ஒரு வளையத்துக்குத்தான் வலை. என் தம்பி ஸ்லாம் டங்க் என்கிற பேஸ்கட்பால் மாங்காவின் (ஜப்பானியப் படக்கதை) ஆங்கிலப் பதிப்பை 31 பாகமும் வாங்கி வீட்டில் அடுக்கியிருந்தான். நான் முதலில் படித்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள்கூட முழுசாக முடித்துவிட்டார்கள். வலமிருந்து இடமாகப் புரட்டுவது அவர்களுக்கு ஒரு விஷயமாகவே இல்லை. இப்போது "அடுத்து என்ன டீச்சர்?" என்று தினமும் கேட்கிறார்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்போதுதான் நீங்கள் சரியானதைச் சொல்ல முடியும்.

இனோவே டகேஹிகோ 1990 முதல் 1996 வரை வரைந்த கதை இது. பந்தையே தொட்டறியாத சகுராகி ஹனமிச்சி அணியில் சேர்ந்ததும் அவனை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி, பந்தைத் தட்டிக்கொண்டே இரு என்கிறார்கள். மற்றவர்கள் நடுவில் ஷூட் பண்ணிப் பழகுகிறார்கள். இவன் பொறுக்க முடியாமல் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தப் பிள்ளை என் மைதானத்தில் நிற்கிறது. டிரிப்ளிங் மட்டும்தான் என்றால் இரண்டாம் நாளே முகம் சுருங்கிவிடும். சகுராகி திரும்பி வருகிறான் என்பதை அவர்களே படிக்கும்போது, நான் சொல்வதைவிட நன்றாக உள்ளே இறங்குகிறது.

அப்புறம் ரீபவுண்ட், அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. கேப்டன் அகாகி அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிற பக்கங்களை நான் பாடமாகவே நடத்தினேன். பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போது பந்தைப் பார்த்துக் குதிக்கக் கூடாது. முதலில் எதிராளிக்கும் வளையத்துக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும். காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, அவள் எந்தப் பக்கம் நகர்கிறாள் என்பதை முதுகாலேயே கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் கால் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டிவிட்டு, அப்படியே எழுந்து போய் மைதானத்தில் செய்தோம். வேறு எந்தப் புத்தகத்தை வைத்தும் இப்படிச் செய்ய முடிந்ததில்லை.

தேசியப் போட்டிக்கு முன்னால் அவன் இருபதாயிரம் ஷாட் போடுகிறான். இடது கை வெறும் தாங்கல்தான், தள்ளக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போடுகிறான். சன்னோ அணியோடு ஆடும் ஆட்டத்தின் கடைசி நொடியில் அதுவேதான் கைகொடுக்கிறது. அங்கே பேச்சே கிடையாது. பக்கம் பக்கமாகக் கோடும் உடம்பும் மட்டும். 79-78. தொலைக்காட்சித் தொடர் 101 பகுதியோடு, தேசியப் போட்டிக்கு முன்பே நின்றுவிட்டது. அதனால் அதை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டமே தெரியாது. 2022 டிசம்பரில் இனோவேயே இயக்கிய படத்தில்தான் அது திரைக்கு வந்தது.

நான் மிகவும் மதிக்கிற இடம் இதற்கும் அடுத்தது. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, அடுத்த சுற்றிலேயே சகுராகியின் ஷோஹோகு அணி படுதோல்வி அடைகிறது. இனோவே அதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எங்கள் அணி குறுவட்டத்தில் ஜெயித்து வருவாய் மாவட்டத்தில் தோற்கிற அணி. தோற்ற பிள்ளை திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மறுபடி மைதானத்துக்கு வர வேண்டும். எனக்கு அந்தத் திங்கட்கிழமை இருக்கிற கதைதான் வேண்டும்.

பழைய தொடர்களில் இப்படி வேறு என்ன இருக்கிறது? உடம்பு மெதுவாகக் கற்றுக்கொள்வதை நேர்மையாகக் காட்ட வேண்டும். பெண்கள் ஆடுகிற கதையாக இருந்தால் இன்னும் நல்லது. வானத்தில் பறந்து அடிக்கிற வகை வேண்டாம்.

சிவகாசி ஆஃப்செட்:

டீச்சர், பதிவு அருமை. நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் பிறந்த ஊர் இது, அதனால் படக்கதைப் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. மாங்காவை நான் அச்சுக்காரன் கண்ணால்தான் பார்ப்பேன். ஸ்லாம் டங்க் வந்த ஷோனென் ஜம்ப் வார இதழ் 1995 வாக்கில் ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. மட்டமான தாள், ஒற்றை வண்ண மை. அந்தத் தாளிலும் கலங்காமல் தெரிகிற மாதிரி கோடு போட வேண்டும் என்பதுதான் அந்த ஓவியர்களுடைய பயிற்சி.

என் சிபாரிசு அஷிட்டா நோ ஜோ. குத்துச்சண்டைக் கதை, 1968-ல் தொடங்கி 1973 வரை ஷோனென் மேகஸினில் வந்தது. எழுதியவர் டகாமோரி அசாவோ, வரைந்தவர் சிபா டெட்சுயா. கதாநாயகன் ஜோவைவிட அவன் எதிரி ரிகிஷியைச் சிபா மிகப் பெரிய உடம்போடு வரைந்துவிட்டார். குத்துச்சண்டையில் எடைப்பிரிவு உண்டே, இரண்டு பேரும் எப்படி மோதுவது? அதனால் ரிகிஷி பட்டினி கிடந்து எடையைக் குறைப்பதாகக் கதை போனது. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று ஜிம்மின் குழாய்களை எல்லாம் கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். தாகத்தில் அவன் அந்தக் குழாய்களைத் திருகிப் பார்க்கிற பக்கத்தை என்னால் மறக்க முடியாது. ஜோவை வீழ்த்திவிட்டு அவன் இறந்துபோகிறான். 1970 மார்ச்சில் பதிப்பகத்திலேயே அவனுக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். எழுநூறு பேர் வரை வந்தார்கள். காகிதத்தில் இருந்த ஒருவனுக்கு.

தொலைக்காட்சித் தொடரை இயக்கியது டெசாகி ஒசாமு. உச்சக் கட்டத்தில் காட்சியை அப்படியே நிறுத்தி, கையால் தீட்டிய ஓவியமாக மாற்றிவிடுவார். அச்சுப் பக்கத்தின் பலம் என்ன என்று புரிந்த இயக்குநர் அவர்.

ஆறாம் நம்பர் ஜெர்சி:

அக்கா, நான் உசிலம்பட்டிப் பக்கம். காலேஜ் வரை வாலிபால் ஆடினேன், இப்போது பேங்கில் வேலை. பெண்கள் ஆடும் கதை என்றால் இரண்டு இருக்கிறது.

முதலாவது அட்டாக் நம்பர் ஒன். உரானோ சிகாகோ வரைந்த மாங்கா, 1968-ல் வந்தது. தொலைக்காட்சியில் 1969 முதல் 1971 வரை 104 பகுதி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஜப்பான் பெண்கள் வாலிபால் அணி கடைசி ஆட்டத்தில் சோவியத் அணியை வீழ்த்தித் தங்கம் வாங்கியது. அந்த ஒளிபரப்பை மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் பார்த்தன. அந்த அணியில் பெரும்பாலானோர் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். பகலில் வேலை, அதன் பிறகு இரவு வரைக்கும் பயிற்சி. உருண்டு எழுந்து பந்தை எடுக்கிற ரிசீவ் அவர்கள் பெயர் சொல்லும். அந்த அலையில் பிறந்ததுதான் இந்தக் கதை. கதாநாயகி அயுஹரா கோசுவே. கோச் பந்தைப் பிள்ளைகள் மேல் அடித்துக்கொண்டே இருப்பார், அவர்கள் விழுந்து விழுந்து எடுப்பார்கள். மில் ஊரான மதுரையில் வளர்ந்த என் அம்மாவுக்கு அந்த நூற்பாலைக் கதையைச் சொன்னேன். படத்தைவிட அதைத்தான் நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஏஸ் வோ நெராயே. டென்னிஸ். யமமோட்டோ சுமிகா வரைந்தது, 1973-ல் தொடங்கியது. இதையும் அதே டெசாகிதான் தொலைக்காட்சிக்கு இயக்கினார். 1979-ல் படமாகவும் எடுத்தார். ஓகா ஹிரோமி என்கிற சுமாராக ஆடும் முதல் வருஷப் பெண்ணை, புதிதாக வந்த கோச் முனகாட்டா அணியில் எடுத்துவிடுகிறார். அதனால் ஒரு சீனியர் வெளியே போக வேண்டி வருகிறது. அப்புறம் லாக்கர் அறையில் அவள் படும் பாடு இருக்கிறதே, பெண்கள் அணியில் இருந்த யாருக்கும் அது புரியும். எனக்கு இதுதான் ஒரு படி மேலே.

அரசரடி லெஃப்ட் விங்:

மேடம், "வானத்தில் பறந்து அடிக்கிற வகை வேண்டாம்" என்று நீங்கள் சொன்னது கேப்டன் சுபாசா என்கிற கால்பந்துக் கதையைத்தான் என்று நினைக்கிறேன். அதற்காகக் கொஞ்சம் வாதாட அனுமதியுங்கள். நான் ரயில்வே மைதானத்தில் கால்பந்து பழகியவன்.

டகாஹாஷி யோயிச்சி 1981-ல் அதைத் தொடங்கியபோது ஜப்பானில் தொழில்முறை லீக்கே கிடையாது. ஜே லீக் 1993-ல்தான் வந்தது. அந்தக் கதையைப் பார்த்துப் பந்தை எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர்! ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ டோரஸே அதைச் சொல்லியிருக்கிறார். அதில் வரும் இரட்டையர்கள் கோல்கம்பத்தில் ஏறிப் பறப்பதெல்லாம் நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹ்யூகா கோஜிரோவைப் பாருங்கள். அப்பா இல்லை, தம்பி தங்கைகளுக்காக வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவன். ஒரு கட்டத்தில் அணியை விட்டுவிட்டு ஒகினாவாவுக்குப் போய், கரைக்கு வரும் அலையை எதிர்த்துப் பந்தை உதைத்து உதைத்துத் தன் ஷாட்டை உருவாக்குகிறான். அது பயிற்சி இல்லையா? பத்து வயதில் எனக்குத் தேவைப்பட்டது சரியான கால் நிலை இல்லை, மைதானத்துக்கு ஓட வேண்டும் என்கிற வெறிதான். அதை சுபாசா கொடுத்தது.

நைட் டூட்டி நர்ஸ்:

விளையாட்டு இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். தெசுகா ஒசாமுவின் பிளாக் ஜாக், 1973 முதல் 1983 வரை வந்தது. தெசுகா மருத்துவம் படித்தவர் என்பது ஒவ்வொரு தையலிலும் தெரியும். சின்ன வயதில் குண்டு வெடித்துச் சிதைந்த உடம்பை ஒரு டாக்டர் ஒட்டவைத்து, அந்தப் பையன் மறுபடி நடக்கப் பழகி, பின்னால் அறுவை சிகிச்சை நிபுணன் ஆகிறான். அவன் முகத்தில் ஒரு பகுதி வேறு நிறம். ஒரு நண்பன் கொடுத்த தோல் அது. அதை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறான். ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை, எங்கிருந்தும் படிக்கலாம். அடிபட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை உங்கள் அணியில் இருந்தால் அவளுக்குக் கொடுங்கள் மேடம்.

திருமங்கலம் பி.டி. டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

சிவகாசி அண்ணன், ஜோ நீங்கள் சொன்ன மாதிரியே பெரிய படைப்பு. ஆனால் ரிகிஷியை நான் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டேன். பதிமூன்று, பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் இவர்கள். பாதிப் பேர் காலையில் சாப்பிடாமல்தான் பயிற்சிக்கு வருகிறார்கள். சில பேர் வீட்டில் இல்லாததால், சில பேர் குண்டாகிவிடுவோம் என்ற பயத்தால். தண்ணீரையும் சோற்றையும் விட்டவனை வீரனாக அவ்வளவு அழகாக வரைந்திருக்கும்போது, அந்த அழகே எனக்குப் பயமாக இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிறகு படிக்கட்டும்.

அட்டாக் நம்பர் ஒன்னில் ரிசீவ் காட்சிகள் பிரமாதம் தங்கச்சி. 1964 அணியின் கதையை வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் விழுந்து கிடக்கிற பிள்ளை மேல் கோச் பந்தை அடிப்பதைத் தொடர் நியாயப்படுத்துகிற இடங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிப் பட்ட பயிற்சியாளர்களிடம் நானே ஆடியிருக்கிறேன். அதனால் ஆட்டம் முன்னேறவில்லை. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம்தான் வந்தது.

அரசரடித் தம்பி, உன் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். ஹ்யூகா அலையை உதைக்கிற பகுதியைக் காட்டலாம். மற்றபடி மைதானத்துக்கு வர வேண்டும் என்கிற வெறி என் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. வந்த பிறகு நீடிப்பதுதான் கஷ்டம். நர்ஸ் மேடம், கணுக்கால் பிசகி உட்கார்ந்திருக்கிற ஒருத்தி நிஜமாகவே இருக்கிறாள். பிளாக் ஜாக் அவளிடம்தான் இருக்கிறது, திருப்பித் தர மறுக்கிறாள்.

ஏஸ் வோ நெராயேதான் என் தேர்வு. 1979 படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை என்பதால் சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் வகுப்பறையில் போட்டேன். இந்த வருஷம் எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளையை முதல் ஐந்து பேரில் சேர்த்திருக்கிறேன். அதற்காக ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை பெஞ்சில் உட்கார வைத்தேன். அதிலிருந்து பெரிய பிள்ளைகள் யாரும் அந்தச் சின்னவளிடம் சண்டை போடவில்லை. பாஸ் மட்டும் கொடுப்பதில்லை. அவள் வலப்பக்க மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், பந்து இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். படத்தில் ஹிரோமி டென்னிஸ் மட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிற காட்சி வந்தபோது, பெஞ்சில் இருக்கிற அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே "இது நம்ம கதை டீச்சர்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, படத்தை ஓடவிட்டேன்.

திங்கட்கிழமை மூலைக்குப் பாஸ் போனது. ஒவ்வொரு முறையும் இல்லை, ஆனால் போனது. அடுத்து அந்தத் தொலைக்காட்சித் தொடரின் 26 பகுதிகளையும் வாரத்துக்கு இரண்டாகப் போடப்போகிறேன். தங்கச்சி, படத்தில் கோச் முனகாட்டா இறந்துவிடுகிறாரே, அதற்குப் பிறகு கதை எப்படிப் போகிறது என்பதற்கு மாங்காவைத்தான் படிக்க வேண்டுமா? பிள்ளைகள் கேட்பார்கள், அதற்குள் நான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.