1966 மொறிஸ் மைனர்: ஓட்டம் குறைவு, எஞ்சின் ஒயில் எப்போது மாற்ற வேண்டும்?

கல்லடி_மைனர்:
வணக்கம். எங்கள் வீட்டில் 1966ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று நிற்கிறது, 1098 சிசி எஞ்சின். அப்பா வாங்கிய கார். அவருக்கு இப்போது கண்பார்வை குறைவு, அதனால் வண்டி என் பொறுப்பில். ஓட்டம் மிகக் குறைவு. கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போவோம், எப்போதாவது மாமாங்கம் கோயிலுக்கு. வருடத்துக்கு ஆயிரம் கிலோமீற்றர்கூட வராது. ஓடாத கிழமைகளில் பற்றறி இறங்காமல் இருக்க, வாசலிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுவோம்.

கடைசியாக ஒயில் மாற்றி இரண்டு வருடம். ஒரு சேர்விஸ் நிலையத்தில் 5W-30 ஃபுல் சிந்தெடிக் ஊற்றி, அடுத்தது 10,000 கிலோமீற்றரில் என்று ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்கள். இப்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளை மஞ்சளாகப் பாலாடை மாதிரிப் படிந்திருக்கிறது. எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் ஒயில் லைட் மினுங்குகிறது. அடியில் ஒழுக்கும் முன்பைவிடக் கூட. ஹெட் கஸ்கெட் போய்விட்டதா? அந்தப் பத்தாயிரம் வரும்வரை காத்திருக்கலாமா? எங்கள் ஓட்டத்துக்கு அது வரப் பத்து வருடத்துக்கு மேலாகும்.

பழைய_ஸ்பானர் (அக்கரைப்பற்று):
தம்பி, எஞ்சினைக் கழற்ற யாரும் சொன்னால் இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். முதலில் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். கம்பியில் வருகிற ஒயில் கறுப்பாக இருக்கிறதா, பால்தேத்தண்ணி நிறமா? ஒயில் மட்டம் ஏறியிருக்கிறதா? றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறதா? நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா?

கல்லடி_மைனர்:
பார்த்தேன் அண்ணா. டிப்ஸ்டிக்கில் கறுப்புத்தான், பால் நிறம் இல்லை. மட்டம் கொஞ்சம் குறைவு. றேடியேற்றர் தண்ணீர் அப்படியே இருக்கிறது. புகை ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும், பிறகு இல்லை. ஒயிலை மணந்து பார்த்தால் பெற்றோல் வாசம் இலேசாக வருகிறது.

பழைய_ஸ்பானர் (அக்கரைப்பற்று):
அப்படியென்றால் ஹெட் கஸ்கெட்டை, அதாவது சிலிண்டர் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் அடைக்கும் தகட்டை, சந்தேகிக்க இப்போது காரணம் இல்லை. கஸ்கெட் போயிருந்தால் றேடியேற்றர் தண்ணீர் இறங்கும், சம்ப்பில், அதாவது எஞ்சின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியில், உள்ள ஒயிலும் பால் நிறமாகும். மூடியில் மட்டும் படிவது வேர்வைத் தண்ணீர்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். பெரும்பகுதி சைலன்சரால் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கால் கீழே இறங்கி ஒயிலோடு சேரும். எஞ்சின் முழுச் சூட்டில் ஓடினால் அதுவும் ஆவியாகி வெளியேறிவிடும். வாசலில் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் றேடியேற்றர் தண்ணீர் சூடாகும், சம்ப்பில் உள்ள ஒயில் சூடாகாது. ஒயில் எப்போதும் பிந்தித்தான் சூடேறும். அதற்குள் நீங்கள் நிற்பாட்டிவிடுகிறீர்கள். வந்த ஈரம் உள்ளேயே தங்குகிறது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதால் எரியாத பெற்றோலும் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலில் இறங்கும். வாசம் அதுதான்.

ஆகவே அந்தப் பத்து நிமிட ஸ்டார்ட்டை இன்றோடு விடுங்கள். பற்றறிக்கு வீட்டில் சார்ஜர் போதும், இல்லாவிட்டால் ஒரு முனையைக் கழற்றி வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை களுவாஞ்சிகுடி வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புங்கள். அந்தத் தூரத்தில் ஒயில் நன்றாகச் சூடாகும், மூடியில் படிந்ததும் காய்ந்துவிடும்.

ஏறாவூர்_றோட்:
ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் பத்தாயிரம் தாராளமாக ஓடும். என் காரில் அப்படித்தான், ஒரு பிரச்சினையும் இல்லை.

பழைய_ஸ்பானர் (அக்கரைப்பற்று):
உங்கள் கார் என்ன வருடம்? இன்ஜெக்‌ஷன் எஞ்சின் பெற்றோலை அளந்து கொடுக்கும், இடைவெளிகள் நுணுக்கம், அதற்குப் பத்தாயிரம் சரி. மைனரில் இருப்பது காபரேற்றர், அது பெற்றோலை அவ்வளவு நுட்பமாக அளக்காது. ஒயிலில் பெற்றோலும் கரியும் சேருவது கூட. அந்தக் காலத்துக் கைநூலிலேயே 3000 மைலுக்கு, அதாவது சுமார் 4800 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொன்னார்கள். இப்போதைய ஒயில் அன்றையதைவிட நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அழுக்கும் ஈரமும் சேருவதை எந்த ஒயிலும் தடுக்காது.

தம்பி, உங்கள் கணக்கு இப்படி: 5000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்களுக்கு எப்போதும் வருடம்தான் முதலில் வரும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். என் பழக்கம், புரட்டாசி கடைசியில் மாற்றிவிடுவது. கார்த்திகை, மார்கழி மாரியில் நம் பக்கம் வெள்ளம் நின்றால் பழைய கார் கிழமைக்கணக்கில் வெளியே எடுக்கப்படாது. அவ்வளவு நாளும் அமிலம் ஏறிய பழைய ஒயிலில் பெயாரிங்குகள் ஊறிக் கிடக்க வேண்டாம். பலர் மாரி முடிந்த பிறகு மாற்றுகிறார்கள். அதற்குள் கெடுதல் நடந்து முடிந்துவிடும்.

வாழைச்சேனை_மெஷின்:
ஒயில் லைட் மினுங்குவதையும் ஒழுக்கையும் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதற்குக் காரணம் அந்த 5W-30 என்றே நினைக்கிறேன். முன் எண் குளிரில் ஓடும் தன்மை, பின் எண் 100 பாகை சூட்டில் உள்ள தடிப்பு. மட்டக்களப்பில் எந்தக் காலையிலும் உறைபனி இல்லை, ஆகவே முன் எண் 5 ஆக இருப்பதால் நமக்குப் பெரிய இலாபமில்லை. சூட்டில் 30 என்பது இந்த எஞ்சினுக்கு மெல்லிசு. தேய்ந்த பெயாரிங் இடைவெளியால் சுலபமாக வழிந்துவிடும், ஐட்லிங்கில் அழுத்தம் விழும். பெற்றோல் கலந்தால் இன்னும் மெல்லிசாகும். பின்பக்கக் கிராங்கில் மைனருக்கு ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான் இருக்கிறது. மெல்லிய ஒயில் அதால் கசியும். மினரல் 20W-50 ஊற்றுங்கள்.

இன்னொன்று. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் காம் ஷாஃப்ட்டின் மேல் தட்டையான டப்பட் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலைத் தாங்குவது ஒயிலில் கலக்கும் துத்தநாக, பொசுபரசுச் சேர்மம். புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் 5W-30 போன்ற மெல்லிய புதிய ஒயில்களில் பொசுபரசின் அளவைக் குறைத்துவிட்டார்கள். அந்த வரம்பு 20W-50 க்கு இல்லை. கானின் பின்பக்கம் ஒயிலின் தர வகை ஏபிஐ எஸ்ஜே அல்லது எஸ்எல் (API SJ, SL) என்று இருந்தால் எடுங்கள்.

ஏறாவூர்_றோட்:
சரி, எனது 2012 மொடல். பழைய எஞ்சினுக்கு வேறு கணக்கு என்பது இப்போது விளங்குகிறது. ஆனால் மாற்றுவதற்கு முன் மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினைக் கழுவி விட்டால் பாலாடை எல்லாம் போகுமே? இங்கே பல கராஜில் செய்கிறார்கள்.

பழைய_ஸ்பானர் (அக்கரைப்பற்று):
தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். ஐம்பது அறுபது வருட எஞ்சினின் அடியில் களிம்பு திரண்டிருக்கும். மண்ணெண்ணெய் அதைப் பெரிய துண்டுகளாகக் கிளப்பும். அது ஒயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைத்தால் பெயாரிங் வறண்டு பிடிக்கும். வடியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் புது ஒயிலையும் நீர்க்க வைக்கும். அப்படிக் கழுவிய பிறகு கிராங் பிடித்து வந்த எஞ்சின்களைக் கழற்றியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். களிம்பைக் கழுவ நல்ல வழி புது ஒயில்தான். இப்போது மாற்றி, 800 அல்லது 1000 கிலோமீற்றரில் ஒருமுறை சீக்கிரமாக மாற்றுங்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று.

சாய்ந்தமருது_பீட்டில்:
ஸ்பானர் காக்கா, நம்மளிட்ட 1968 வோக்ஸ்வாகன் பீட்டில் இருக்கு. அதுக்கும் வருடத்துக்கு ஒருக்காவா?

பழைய_ஸ்பானர் (அக்கரைப்பற்று):
இல்லை தம்பி, பீட்டிலுக்கு இன்னும் கவனம் வேண்டும். மொத்தமே இரண்டரை லீற்றர் ஒயில். கடதாசி ஃபில்டர் கிடையாது, கம்பி வலை மட்டும். றேடியேற்றரும் இல்லாததால் எஞ்சின் சூட்டில் கணிசமான பங்கை அந்த ஒயிலும் சுமக்கிறது. 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். மாற்றும்போது வலையைக் கழற்றிக் கழுவிப் பூட்டுங்கள். ஒயிலில் பெற்றோல் வாசம் பலமாக அடித்து மட்டமும் ஏறியிருந்தால் பெற்றோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்படியே ஓட்ட வேண்டாம்.

கல்லடி_மைனர்:
மாற்றியாச்சு அண்ணா. முதலில் களுவாஞ்சிகுடி வரை ஓட்டி, சூட்டோடேயே வடித்தேன், கறுப்புத் தண்ணி மாதிரி வந்தது. 20W-50 மினரல், 4 லீற்றர் கான் ஒன்று போதுமாக இருந்தது. ஐட்லிங்கில் ஒயில் லைட் இப்போது மினுங்கவில்லை. பின்பக்க ஒழுக்கு குறைந்திருக்கிறது. ஆனால் ஃபில்டர் கிண்ணத்தின் மேல் விளிம்பால் புதிதாகக் கசிகிறது. போல்டை இன்னும் இறுக்கவா?

பழைய_ஸ்பானர் (அக்கரைப்பற்று):
இறுக்க வேண்டாம். மேலே ஃபில்டர் தலையில் உள்ள பள்ளத்துக்குள் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும், அதன் மேல் புதியதையும் வைத்துப் பூட்டியிருப்பீர்கள். கிண்ணத்தை இறக்கி, மெல்லிய ஊசியால் பழையதைக் கிளப்பி எடுத்து, பள்ளத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிய வளையத்தை மட்டும் வையுங்கள். சம்ப் போல்டில் செப்பு வொஷர் தட்டையாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். வடித்த ஒயிலை வாவிப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள், அதே கானில் அடைத்துப் பழைய ஒயில் சேர்க்கிற கராஜ் ஒன்றில் கொடுங்கள். பூட்டிய பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிற்பாட்டி, ஒயில் இறங்கியதும் டிப்ஸ்டிக்கில் மட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.